வழி தப்பிய மாடும் வழி தப்பிய மனிதரும்

1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பிறர் வயலில் மேய்ந்து பிடிபட்ட மாட்டைப் பற்றியது. பட்டியில் அடைத்த மாட்டைத் தேடி ஏழு நாளுக்குள் உடையவர் வராவிட்டால், பட்டிப் பொறுப்பாளர் காவல் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அதிகாரி எத்தனை மாடு, என்ன அடையாளம், எங்கே பிடிபட்டது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று எழுதித் தம் அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். பிடிபட்ட ஊரிலும் அதற்குப் பக்கத்துச் சந்தையிலும் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். அதற்கு மேலும் ஏழு நாள் பொறுத்துத்தான் ஏலம் விடலாம். வரப்போடு வரப்பாக வயல் கிடக்கும் தஞ்சைச் சீமையில் இந்தச் சட்டத்துக்கு வேலை குறைவாக இருந்திருக்காது. அந்தப் பட்டிக்கு வழங்கிய பவுண்டு என்ற பெயரை டெல்டாக் கிராமத்து முதியவர் எவருக்கும் இன்றும் விளக்க வேண்டியதில்லை. அதே காலத்தில், அதே சாலையில், தன் பெயரையும் ஊரையும் சொல்லத் தெரியாத ஒருவர் நடந்து வந்திருந்தால் அவருக்குச் சட்டம் என்ன வைத்திருந்தது? 1858இன் சட்டங்களும் அவற்றுக்குப் பின் வந்த 1912இன் பைத்தியக்காரர் சட்டமும், சுற்றித் திரியும் அவரைக் காவல் அதிகாரி கைது செய்து நீதிபதியின் முன் நிறுத்தலாம் என்றன. நீதிபதி மருத்துவரைக் கொண்டு பரிசோதித்து மனநோய் விடுதிக்கு அனுப்பலாம். உறவினர் யாராவது வந்து பொறுப்பேற்றால் பிணை எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படைக்கலாம். உறவினர் தாமாகத்தான் வர வேண்டும். அவர்களைத் தேடிப் போகும் கடமை யாருக்கும் இல்லை, தமுக்கும் இல்லை. 1987இன் மனநலச் சட்டம் கைது என்பதைப் பாதுகாப்பு என்று மாற்றியதே தவிர, வீட்டைத் தேடும் கடமையை எழுதவில்லை. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவில்தான் அது வந்தது. வீடற்றுத் திரியும் மனநோயாளியைக் கண்டால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, அவருடைய குடும்பத்தைக் கண்டுபிடிப்பது நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்று அது சொல்கிறது. வழி தப்பிய மாட்டுக்கு 1871இல் கிடைத்தது வழி தப்பிய மனிதருக்குக் கிடைக்க 146 ஆண்டு ஆனது.

மாட்டுக்கு விலை உண்டு, உடையவர் உண்டு, ஆகவே சட்டம் முந்திக்கொண்டது என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் காவிரிப் படுகையின் வரலாற்றுக்குள் போய்ப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரிகிறது. வழிப்போக்கருக்குச் சோறு போடும் ஏற்பாடு இங்கே வேறெங்கும் எளிதில் காண முடியாத அளவுக்கு விரிவாக இருந்தது. ஊரைக் காக்கும் ஏற்பாடும் தனியாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை இல்லை. சோறு போட்டவர் எந்த ஊர் என்று கேட்கவில்லை; எந்த ஊர் என்று கேட்டவர் திருடனோ என்ற எண்ணத்தில் கேட்டார். தேடும் கருவிகள் தமுக்கிலிருந்து செயற்கைக்கோள் வரை வளர்ந்த பிறகும் இந்தப் பிளவு மூடப்படவில்லை. மறதி நோயாலோ மனநோயாலோ வீட்டை விட்டு நடந்துவிடுகிறவர்கள் கிடைக்காமல் போவதற்குக் கருவி போதாமையைவிட இந்தப் பிளவே பெரிய காரணம் என்பது என் வாதம்.

சோற்றிலிருந்து தொடங்குவோம். 1799 ஒப்பந்தத்தால் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபோது, மன்னர் இரண்டாம் சரபோஜி எதை இழந்தாலும் சத்திரங்களை இழக்கத் தயாராக இல்லை. 1801 ஜனவரியில் கம்பெனியின் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதம், சத்திர மானியங்களில் கை வைக்க வேண்டாம் என்று கேட்பதோடு, சத்திரத்தில் என்ன நடக்கிறது என்பதையும் ஒவ்வொன்றாக விவரிக்கிறது. எல்லாச் சாதியாருக்கும், பரதேசிகளுக்கும், யாத்திரிகர்களுக்கும் அன்னம். சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் பண்டமும். நடு இரவு வரை பந்தி. பிறகு ஒரு மணி அடிக்கப்படும், இன்னும் சாப்பிடாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணட்டும் என்று. நோயுற்று வந்து சேர்ந்தவருக்கு மருந்தும் பத்தியமும், தேறும்வரை கவனிப்பும். கர்ப்பிணிகளுக்குப் பேறுகாலம் பார்ப்பது, கைக்குழந்தைகளுக்குப் பால், இறந்தவருக்கு அவரவர் முறைப்படி ஈமக்கடன். வந்த இடத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் சத்திரத்து ஆசிரியரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டு, மூன்று வேளைச் சோறும் நான்கு நாளுக்கு ஒரு முறை எண்ணெய்க் குளியலும் பெற்றுப் படித்தார்கள். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் என்பவர் பெயரால் 1802 வாக்கில் எழுந்த பெரிய சத்திரத்தையும், இராமேசுவரம் போகும் வழியில் இருந்த மற்றவற்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தைப் படித்தால், ஓர் அரசு மனிதத் துயரத்தின் இத்தனை வகைகளை முன்கூட்டியே யோசித்திருக்கிறதே என்று வியக்கத் தோன்றும். எனக்கு அந்த நடு இரவு மணி மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. பசித்தவர் கேட்டு வரட்டும் என்று காத்திராமல், பசித்தவரைத் தேடி ஓர் ஓசையை அனுப்புகிறது அந்த ஏற்பாடு.

ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்று இல்லை. தன் ஊர் தெரியாமல் வந்து உட்கார்ந்தவரை அவர் ஊருக்குத் திருப்பி அனுப்புவது பற்றி அதில் பேச்சில்லை. நோயாளி தேறினால் நடந்து போவார், இறந்தால் அடக்கம், அனாதையானால் பள்ளி. தேறவும் செய்யாத, இறக்கவும் செய்யாத, புத்தி கலங்கிய ஒருவருக்கு அங்கே கிடைத்தது நாள்தோறும் ஓர் இலை மட்டும். அது சிறியது அல்ல. பல நாடுகளில் அதே காலத்தில் அவருக்குக் கிடைத்தது சாட்டையும் சிறையும். ஊர் பேர் கேட்காமல் போடும் சோறே சிறந்த தர்மம் என்ற எண்ணம் இங்கே ஆழமானது, அதற்குக் காரணமும் உண்டு: கேட்டால் சாதி வெளிப்படும், வறுமை வெளிப்படும், உண்பவர் கூசிப்போவார். கேளாமையால் காப்பாற்றப்பட்டவர்கள் ஏராளம். அதே கேளாமையால் வீடு திரும்பாமல் போனவர்களும் இருந்திருக்க வேண்டும். எந்தச் சத்திரக் கணக்கிலும் அவர்கள் அப்படிப் பதிவாக வழியில்லை, ஏனென்றால் கணக்கு இலைக்குத்தான், ஆளுக்கு அல்ல.

ஊர் கேட்கும் வேலை காவலுக்கு உரியதாக இருந்தது. பாடிகாவல் என்ற பழைய ஏற்பாட்டில் காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. பதிலுக்கு, களவு போன பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அரிய ஒழுங்கு இது, கண்டுபிடிக்காதவரே இழப்பைச் சுமக்கிறார். ஆனால் அது மாட்டுக்கும் நெல்லுக்கும் நகைக்குமான ஒழுங்கு. ஒரு வீட்டுப் பாட்டி நடந்து போய்விட்டால் காவல்காரர் ஈடு கட்ட வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இந்தக் காவல் முறையை ஒடுக்கினர். 1816இன் ஒழுங்குமுறைச் சட்டம் கிராமத் தலைவரையும் தலையாரியையும் காவல் பணிக்குப் பொறுப்பாக்கியது. 1859இல் மதராஸ் மாகாணத்துக்குச் சம்பளப் போலீஸ் வந்தது. தலையாரியின் கண் ஊருக்குள் வரும் அந்நியர் மீது இருந்தது, ஆனால் அது ஆபத்தைத் தேடும் கண். காணாமல் போனவருக்காக ஊர் செய்யக்கூடியது நான்கு பேரை நான்கு திக்குக்கு ஓட விடுவது, குளத்திலும் கிணற்றிலும் ஆள் இறக்கிப் பார்ப்பது, தமுக்கடிப்பது. தமுக்கின் ஓசை எட்டும் தூரம்வரைதான் தேடலின் எல்லை. கால்நடையாகப் போனவர் ஒரு பகலில் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார் என்றாலும், அடுத்த ஊரிலும் ஒரு தமுக்கு உண்டு, அங்கே கேட்டு அறிந்து சொல்ல ஒரு தலையாரியும் உண்டு.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும், எழ வேண்டும். அந்தத் தமுக்கைச் சுமந்தது யார்? பறை அறைவதும் தண்டோரா போடுவதும் ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியம். மாடு செத்தாலும் மனிதர் செத்தாலும் அவர்களைத்தான் ஊர் அழைத்தது. அவர்கள் வீட்டுப் பிள்ளை காணாமல் போனபோது ஊர்த் தமுக்கு அதே கரிசனத்தோடு ஒலித்தது என்று நம்ப இடமில்லை. 1980இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டதும், 2022 ஆகஸ்டில் தண்டோரா போடுவதை நிறுத்தும்படி தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியதும் சரியான முடிவுகள். பழைய கிராமத்தில் எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் தொலையமாட்டார்கள் என்று சிலர் ஏங்கிப் பேசுவதை நான் ஏற்கவில்லை. அந்த அறிமுகத்துக்குள் அடிமைத்தனமும் கலந்திருந்தது. ஆனாலும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தண்டோராவில் இழிவு இருந்தது அதைச் சாதிக்கடமை ஆக்கியதில்தான். தெருத் தெருவாகப் போய்ச் சொல்லுவதும் கேட்டுக்கொண்டு வருவதும் ஒருவருடைய பொறுப்பு என்பதில் இழிவில்லை. ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி சொல்லும் வேலையைச் செய்துவிடுகிறது. கேட்டுக்கொண்டு வரும் வேலை யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

தேடலைத் தவிர்க்க இன்னொரு வழி இருந்தது, சங்கிலி. இருக்கும் இடத்தை எப்போதும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டும் கருவி அது ஒன்றுதான், ஆகவே இந்த வரலாற்றில் அதைச் சொல்லாமல் விட முடியாது. மனம் கலங்கியவர்களை அழைத்துவரும் தலங்கள் காவிரிக் கரையெங்கும் உண்டு. வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தி அகன்றதாகச் சொல்லப்படும் திருவிடைமருதூர், ஆண்டவர் சாகுல் அமீதின் நாகூர் தர்கா, திருச்சிக்கு மேற்கே முசிறிச் சாலையில் ஒரு மண்டலம் தங்கவைத்து உச்சிக்காலத்தில் முகத்தில் தீர்த்தம் தெளிக்கும் குணசீலம். அழைத்துவந்த குடும்பங்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். வாசலில் இறங்கினால் வாய்க்கால், கொல்லையைத் தாண்டினால் குளம் என்ற ஊரில், இரவில் எழுந்து நடக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு கண் மூட முடியாத குடும்பம் கயிற்றையும் சங்கிலியையும் நாடியது அச்சத்தால். ஆனால் சங்கிலி என்ன செய்யும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி காட்டியது. தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, இத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன, குணசீலத்தில் உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் வந்தது. 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலியிடுவதை வெளிப்படையாகவே தடை செய்தது. தடை சரி. சங்கிலியை அவிழ்த்தபின் அந்தக் குடும்பத்தின் இரவு எப்படிக் கழியும் என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் பிரிவில் விடையில்லை. கையில் கட்டும் இடங்காட்டியின் தேவை அங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு முன் இரும்புப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் வந்தது, அடுத்த ஆண்டு திருச்சிக்குப் போனது. அதோடு தமுக்கின் கணக்கு முழுவதும் கலைந்தது. மாலையில் கும்பகோணத்தில் பெட்டியேறி உட்கார்ந்தவர் மறுநாள் எந்த மாவட்டத்தில் இறங்குவார் என்று சொல்ல முடியாது. இறங்கும் இடத்தில் அவர் பேசும் மொழியே வேறாக இருக்கலாம். வட மாநிலங்களிலிருந்து வழி தப்பி வந்து தமிழ்நாட்டுக் காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள் அந்தப் பாதையின் மறுமுனையைக் காட்டுகிறார்கள். தூரத்தை ஈடு செய்யத்தான் அச்சும் வானொலியும் வந்தன. 1939இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்புகள் வானொலி கேட்ட குடும்பங்களுக்கெல்லாம் பழக்கமானவை. நாளிதழ்களின் காணவில்லை விளம்பரம் தனக்கென்று ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டது. தபால்தலை அளவில் ஒரு படம், மாநிறம், வட்ட முகம், ஐந்தடி உயரம், காணாமல் போன அன்று கட்டம் போட்ட கைலியும் வெள்ளைச் சட்டையும், சற்று மனநிலை பாதிக்கப்பட்டவர், தகவல் தருவோருக்குத் தக்க சன்மானம். இதில் கைலியும் சட்டையும் மூன்று நாளில் மாறிவிடும் அல்லது நிறம் தெரியாமல் அழுக்கேறிவிடும். முகம் தாடிக்குள் மறைந்துவிடும். மாறாமல் இருப்பது மச்சமும் தழும்பும், கையில் பச்சை குத்திய பெயரும்தான். பள்ளிச் சான்றிதழில் இரண்டு அங்க அடையாளங்களை எழுதும் பழக்கம் நமக்கு வெறும் சடங்காகத் தெரியலாம். பெயர் சொல்ல முடியாத ஒருவரைப் பொறுத்தவரை அவர் உடல் சுமக்கும் முகவரி அது. ஆனால் விளம்பரமும் படிக்கும் ஒருவருக்கு எழுதப்பட்டது. அவரைப் பார்த்தவர் படிக்க வேண்டும், படித்தவர் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது தற்செயல்.

இனி இடங்காட்டிக்கு வருவோம். ஓர் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் கலைக்கும் தஞ்சைக்கும் இன்னும் பழைய தொடர்பு உண்டு. 1808இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் முக்கோண அளவையைக் காவிரிப் படுகைக்குள் கொண்டுவந்தபோது, அவருக்கு எதிராக நின்றது சமவெளி. ஏற மலை இல்லை, எங்கு திரும்பினாலும் தென்னந்தோப்பு. ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பார்த்தால்தான் கோணத்தை அளக்க முடியும். ஆகவே கோயில் கோபுரங்கள் அவருக்கு மலைகளாயின. கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது தாங்குகயிறு அறுந்து, கருவி கோபுரச் சுவரில் மோதி அதன் அளவு வளையம் நெளிந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் ஆறு வாரம் உட்கார்ந்து, ஆப்புகளையும் திருகுகளையும் வைத்து அதை மீண்டும் வட்டமாக்கினார். இன்று கைப்பேசியின் இருப்பிடத்தைக் கோபுரங்களைக் கொண்டு கணிப்பதும், செயற்கைக்கோள்களிலிருந்து ஜிபிஎஸ் கணிப்பதும் அதே வடிவகணிதத்தின் வழிவந்தவை. தெரிந்த சில புள்ளிகளிலிருந்து தெரியாத ஒன்றைக் காண்பது. லாம்டனுக்குப் பெரிய கோயில் செய்ததை இன்று வயல் நடுவே நிற்கும் இரும்புக் கோபுரம் செய்கிறது. நகரத்தில் கோபுரங்கள் நெருக்கம், அதனால் கணிப்பு நெருக்கம். கீழத்தஞ்சையின் கடைமடைக் கிராமத்தில் ஒரு கோபுரத்தின் வீச்சில் பல ஊர்கள் அடங்கும். எந்தக் கோபுரம் என்று தெரிவதால் எந்த வரப்பு என்று தெரியாது. ஜிபிஎஸ் கைக்கடிகாரம் சில மீட்டருக்குள் சொல்லிவிடும், ஆனால் அது தன் இடத்தை வானத்திலிருந்து தெரிந்துகொண்டு கைப்பேசி வலையின் வழியேதான் வீட்டுக்குத் தெரிவிக்கிறது. சார்ஜ் இறங்கினாலோ சிம்முக்குப் பணம் கட்ட மறந்தாலோ அது வெறும் வளையல். மறதி நோயுள்ளவர் அதைக் கழற்றி வைத்துவிடுவதும் நடக்கும்.

டெல்டாவில் இடம் தெரிந்தால் மட்டும் போதாது, நேரமும் தெரிய வேண்டும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, பிறகு ஆறுகளும் வாய்க்கால்களுமாகக் கிளைத்துக்கொண்டே போகும் நாடு இது. எந்த வீட்டிலிருந்தும் கூப்பிடு தூரத்தில் தண்ணீர் உண்டு. நினைவு மங்கிய முதியவர் பெரும்பாலும் இலக்கில்லாமல் நடப்பதில்லை. அவருக்குள் இன்னும் உயிரோடிருக்கும் பழைய வேலையை நோக்கி, பிறந்த வீட்டை நோக்கி நடக்கிறார் என்பது அவர்களைக் கவனித்துவருபவர்கள் அறிந்தது. வாழ்நாள் முழுதும் மடை திறந்து அடைத்த விவசாயி விடிவதற்கு முன் எழுந்து மண்வெட்டியைத் தேடுவார். அறுவடை முடிந்த சித்திரையில் அவர் காய்ந்த வயலில் குறுக்கே எங்கும் போகலாம். சம்பா நட்ட கார்த்திகையில் வயலெல்லாம் சேறும் நீரும், ஆகவே வரப்பையும் வாய்க்கால் கரையையும் விட்டு விலக முடியாது. தேட வேண்டிய கோடுகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் தண்ணீர் ஓரம். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்த வாரத்தில் தேடல் முதலில் எங்கே போக வேண்டும், கோடையில் எங்கே போக வேண்டும் என்பது மதகுகளைக் கவனிக்கும் நீர்வளத்துறை லஸ்கருக்கும், ஆடு மேய்ப்பவருக்கும், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் தெரியும். எந்த வரைபடச் செயலியிலும் இந்த அறிவு இல்லை. லஸ்கரின் எண் காவல் நிலையத்தில் இருக்கிறதா என்பது, முதியவரின் கையில் கடிகாரம் இருக்கிறதா என்ற கேள்விக்குச் சற்றும் குறையாத கேள்வி.

முகம் அறியும் கருவிகள் வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்று சொல்லக்கூடும். 2021 அக்டோபரில் தமிழ்நாடு காவல்துறைக்கு முக அடையாளத் தளம் தொடங்கப்பட்டது. எதிரே நிற்பவரின் படத்தைக் காணாமல் போனவர்கள், அடையாளம் தெரியாத சடலங்கள், குற்றவாளிகள் ஆகிய பதிவுகளோடு அது ஒப்பிடும். ஆதாரும் எதிர்பாராத உதவி செய்திருக்கிறது. காப்பகத்தில் இருப்பவருக்குப் புதிதாக எண் வாங்க விண்ணப்பித்தபோது, ஏற்கெனவே பதிவானவர் என்று மறுக்கப்பட்டு, அதன் மூலம் ஊர் தெரியவந்த நிகழ்வுகள் நாட்டின் பல இடங்களிலிருந்து செய்தியாகியிருக்கின்றன. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் குற்றவாளியையும் தொலைந்தவரையும் ஒரே சல்லடையில் போட்டுப் பார்க்கும் கருவியைப் பற்றித் தனியுரிமைக்காகப் பேசுபவர்கள் கொள்ளும் கவலை நியாயமானது. தலையாரியின் சந்தேகக் கண் இங்கே கண்ணாடி வில்லையாக மாறியிருக்கிறது. மேலும், இந்த இரண்டு கருவிகளுக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு. யாராவது ஒருவர் அந்த மனிதரின் எதிரே நின்று, இவர் வழி தப்பியவர் என்று எண்ணி, படம் எடுக்கவோ விரலை வைக்கவோ வேண்டும். பேருந்து நிலையத் தூணோரம் ஆறு மாதமாகப் படுத்திருப்பவரைத் தினமும் ஆயிரம் பேர் கடந்து போகிறார்கள். அவர் மறைந்திருக்கவில்லை.

இந்தத் துறையில் நீண்ட அனுபவம் உள்ளவர்களின் வேலைமுறை இதையே உறுதிப்படுத்துகிறது. மும்பை மனநல மருத்துவர் பரத் வட்வானி 1988இல் தொடங்கிய சிரத்தா அமைப்பு தெருவில் திரியும் மனநோயாளிகளை ஆயிரக்கணக்கில் வீடு சேர்த்திருக்கிறது. 2018இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. சிகிச்சை கொடுத்து, மனம் தெளியத் தெளியப் பேச்சுக் கொடுத்து, ஓர் ஆற்றின் பெயரோ ஒரு சந்தையின் பெயரோ வாயில் வரும்வரை பொறுத்து, பிறகு ஆளை அனுப்பி விசாரிப்பது அவர்கள் வழி. சென்னையில் 1993 முதல் இயங்கும் பான்யன் அமைப்பின் அனுபவமும் இதே திசையில் போகிறது. ஜப்பானில் 2023ஆம் ஆண்டில் மட்டும் மறதி நோயுள்ள 19,000க்கும் மேற்பட்டவர்கள் காணாமல் போனதாகக் காவல்துறையில் பதிவானது. கருவிகளுக்குப் பஞ்சமே இல்லாத அந்த நாட்டில் நகத்தில் ஒட்டும் கியூஆர் ஒட்டிகள்கூட வழங்கப்பட்டன. ஆனால் குஷிரோ நகரில் 1994இல் தொடங்கிய ஏற்பாடு டாக்சி ஓட்டுநர்களையும் உள்ளூர் வானொலியையும் கடைக்காரர்களையும் காவல்துறையோடு இணைத்தது. ஒமுதா நகரம் 2004 முதல் ஒருவரை வழி தப்பியவராக நடக்கவிட்டு ஊரே அவரை அடையாளம் கண்டு பேச்சுக் கொடுக்கப் பயிற்சி நடத்திவருகிறது. மும்பையில் 2023இல் கழுத்தில் மாட்டிய கியூஆர் பதக்கத்தால் தொலைந்த சிறுவன் ஒருவன் அன்றே வீடு சேர்ந்தபோதும், பதக்கத்தைக் கவனித்துக் கைப்பேசியை எடுத்த ஒருவர் அங்கே இருந்தார்.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது, நூற்றுக்கு ஏழுக்கு மேல். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட டெல்டாக் கிராமங்களில் வீட்டைக் காப்பவர்கள் முதியவர்களே. எனவே சத்திரத்தையும் காவலையும் இணைக்கும் வேலை இனித் தள்ளிப்போட முடியாதது, அதற்கான இடமும் தயாராக இருக்கிறது. வழி தப்பியவர் காவல் நிலையத்துக்கு வரமாட்டார், சாப்பிடப் போவார். 2002 முதல் அறநிலையத் துறைக் கோயில்களில் நடக்கும் மதிய அன்னதானம், நாகூர், வேளாங்கண்ணி, அம்மா உணவகம் இவற்றில் ஒன்றுக்கு அவர் இரண்டொரு நாளில் வந்தே தீருவார். பரிமாறுபவர்கள் முகத்தை மறப்பதில்லை. புதிய முகம் ஒன்று மூன்றாம் நாளும் தனியாக வந்தால், பேசிப் பார்த்து, பதில் தடுமாறினால் 100ஆம் பிரிவின்படி காவல் நிலையத்துக்குச் சொல்லும் பொறுப்பைச் சம்பளத்தோடு ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அந்தச் சட்டத்தின் வரையறையில் நினைவுக் கோளாறும் அடங்கும். பிறவியிலிருந்தே அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் அடங்கமாட்டார்கள் என்பதால் அவர்களுக்குத் தனி ஆணை தேவைப்படும்.

கேள்வி கேட்டால் சோறு சோதனைச் சாவடி ஆகிவிடாதா என்பதே இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் கனமானது. துறவிகளும், குடும்பத்தின் கொடுமையிலிருந்து தப்பி வந்த பெண்களும், திரும்பிப் போக விரும்பாத முதியவர்களும் அதே பந்தியில் உட்காருகிறார்கள். வீடு என்பது எல்லாருக்கும் பாதுகாப்பான இடம் அல்ல. ஆகவே இலை போட்ட பிறகுதான் பேச்சு, பதில் சொல்ல விரும்பாதவருக்கும் அடுத்த வேளை அதே இலை, படம் எடுப்பதானால் சம்மதத்தோடு அல்லது சம்மதம் தரும் நிலையில் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, எடுத்த படம் குற்றப் பதிவுகளோடு ஒப்பிடப்படக் கூடாது என்ற வரம்புகளை எழுத்தில் வைக்க வேண்டும். குடும்பத்துக்குத் தெரிவிப்பதற்கு முன் அவரையே கேட்க வேண்டும், பதில் சொல்லும் தெளிவு வரும்வரை சிகிச்சை தந்து காத்திருக்க வேண்டும். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை அழைத்துப்போக ஒரு வண்டியும், இந்தி பேசத் தெரிந்த ஒருவரின் தொலைபேசி எண்ணும், மதகு லஸ்கர்களின் பட்டியலும் சேர்ந்தால் ஒரு வட்டத்தில் இதைத் தொடங்கிவிடலாம். முதல் ஆண்டு திருவிடைமருதூரிலும் நாகூரிலும் நடத்திப் பார்க்கலாம்; மனம் கலங்கியவர்களை அழைத்துவரும் குடும்பங்களும் அவர்களைத் தவறவிட்டுத் தேடி வரும் குடும்பங்களும் ஏற்கெனவே அந்த இரண்டு ஊர்களுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.